பின்னால் வரும் சுமை: டிரெய்லர் ஆடும்போதும் திடீரென நிற்கும்போதும் கட்டுப்பாட்டை மீட்டல்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் கிராமப்புறச் சாலைகளில் சரக்குப் போக்குவரத்தின் பெரும்பகுதி டிராக்டரையும் அதன் பின்னால் கோக்கப்படும் டிரெய்லரையுமே நம்பியிருக்கிறது. மே முதல் ஜூலை வரை நீளும் தோதாபுரி மாங்காய் அறுவடையின்போது தோப்புகளிலிருந்து தாமலசெருவு மண்டிக்கும் சித்தூரைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளுக்கும் காய் சுமந்து செல்வதும், வெட்டிய கரும்பை வயலிலிருந்து வெளியேற்றுவதும், கோடையில் வறண்ட ஊர்களுக்குத் தண்ணீர்த் தொட்டியை இழுத்துச் செல்வதும் இந்த இணைவண்டிகளே. இவை செல்லும் வழிகள் சமதளமானவை அல்ல. பலமனேரிலிருந்து சித்தூருக்கு வரும் 69-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, மொகிலி மலைப்பாதை வழியாக, 300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தை இழந்து சமவெளியை அடைகிறது. 71-ஆம் எண் நெடுஞ்சாலை பாகராபேட்டை மலைப்பாதை வழியாகத் திருப்பதியை நோக்கி இறங்குகிறது. இவற்றோடு வந்து சேரும் ஊர்ச்சாலைகளிலும் ஏரிக்கரைகளிலும் சிறு சிறு மேடுபள்ளங்களுக்குக் குறைவில்லை. இத்தகைய வழிகளில் டிரெய்லர் கட்டுக்கு அடங்காமல் போகும் நிலைகளையும், ஒவ்வொரு நிலையிலும் ஓட்டுநர் செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் இந்த அத்தியாயம் விளக்குகிறது.

அடிப்படை விதி: இணைப்பு இழுவையில் இருக்க வேண்டும்

டிராக்டரையும் டிரெய்லரையும் பிணைப்பது ஒரே ஒரு புள்ளி. டிரெய்லரின் முன்பக்கம் நீண்டிருக்கும் இழுவைத் தண்டின் வளையம் டிராக்டரின் கொக்கியில் அமர, இரண்டையும் ஊடுருவிப் பின் எனப்படும் ஓர் ஆணி செருகப்படுகிறது. இந்தப் புள்ளியில் டிராக்டர் முன்னோக்கி இழுத்துக்கொண்டிருக்கும்வரை டிரெய்லர் அதன் தடத்திலேயே பின்தொடரும். டிராக்டரின் வேகம் குறைந்து, டிரெய்லரின் வேகம் குறையாமல் போனால், அதே புள்ளி வழியாகப் பின்னாலிருக்கும் பல டன் எடை டிராக்டரைத் தள்ளத் தொடங்குகிறது. கயிறு கட்டி இழுக்கப்படும் பொருள் நேராக வருவதும், கோலால் பின்னிருந்து தள்ளப்படும் பொருள் பக்கவாட்டில் விலகி ஓடுவதும் எந்தக் காரணத்தாலோ, அதே காரணத்தால்தான் தள்ளப்படும் இணைவண்டி நேர்கோட்டை விட்டு மடங்க முற்படுகிறது.

ஆகவே ஓட்டும்போது கட்டுப்பாட்டை மீட்பதற்கான வழிகள் பலவும் ஒரே நோக்கம் கொண்டவை: தள்ளலை இழுவையாக மாற்றுவது, அல்லது தள்ளலைத் தாங்கக்கூடிய அளவுக்கு மெதுவாகக் குறைப்பது. ஆபத்தின் கணத்தில் மனித உடல் தன்னியல்பாகச் செய்யத் துடிக்கும் இரண்டு செயல்கள், அதாவது பிரேக்கை முழுமூச்சாக மிதிப்பதும் ஸ்டியரிங்கை வெடுக்கெனத் திருப்புவதும், பெரும்பாலும் இந்த நோக்கத்துக்கு நேர் எதிரானவை. இதை முன்கூட்டியே புரிந்து பழகியிருந்தால் மட்டுமே அந்தக் கணத்தில் கையும் காலும் சரியானதைச் செய்யும்.

ஆட்டம்: காரணம்

டிரெய்லரின் பின்பகுதி இடமும் வலமுமாக மாறி மாறி விலகுவதே ஆட்டம் எனப்படுகிறது. காற்று, எதிரே விரைந்து கடக்கும் லாரி, சாலையோரப் பள்ளம், ஸ்டியரிங்கில் ஏற்படும் சிறு திருத்தம் ஆகிய எதுவும் அதைத் தொடங்கி வைக்கலாம். குறைந்த வேகத்தில் இந்த அசைவு ஓரிரு முறை தோன்றித் தானாகவே அடங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால், ஒவ்வொரு அசைவும் அடுத்ததைப் பெரிதாக்கும். அந்த எல்லை வேகம் வண்டிக்கு வண்டி மாறும் என்பதும், அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சுமை அடுக்கப்பட்ட விதமே என்பதும் ஓட்டுநர் மனத்தில் இருத்த வேண்டியவை.

ஒற்றை அச்சும் இரண்டு சக்கரங்களும் கொண்ட டிரெய்லரில் சுமையின் பெரும்பங்கு அச்சுக்குப் பின்னால் இருந்தால், இழுவைத் தண்டு கொக்கியை அழுத்துவதற்குப் பதிலாக அதை மேல்நோக்கித் தூக்கும். அப்போது டிராக்டரின் பின்சக்கரங்கள் தரையைப் பற்றும் வலிமை குறைவதோடு, டிரெய்லரின் வால்பகுதி ஆடுவதற்கு வேண்டிய உந்துதலும் கிடைத்துவிடும். கார்களால் இழுக்கப்படும் டிரெய்லர்களுக்கு, மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மீது அமர வேண்டும் என்பது அமெரிக்காவில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. டிராக்டர் டிரெய்லருக்கு அளவு வேறாக இருப்பினும், சுமையின் நடுப்பகுதி அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும் என்ற கொள்கை ஒன்றுதான்.

நான்கு சக்கர டிரெய்லரில் முன் அச்சு டர்ன்டேபிள் எனப்படும் சுழல் வட்டத்தின் மீது திரும்புகிறது. அந்த வட்டம் தேய்ந்து தளர்ந்திருந்தாலும், பின் செருகும் துளை நீள்வட்டமாக அகன்றிருந்தாலும், இடவல டயர்களின் காற்றழுத்தம் வேறுபட்டிருந்தாலும், சுமை சரியாக அடுக்கப்பட்டிருந்தும் ஆட்டம் வரும். கொட்டலாக ஏற்றப்பட்ட மாங்காய் ஒரு பக்கம் சரிவதும், உயர அடுக்கிய கரும்பின் எடைமையம் மேலே இருப்பதும், பாதி நிரம்பிய தண்ணீர்த் தொட்டியில் நீர் அலைமோதுவதும் ஆட்டத்தை வளர்ப்பவை. தண்ணீர்த் தொட்டியை முழுதாக நிரப்பியோ முற்றிலும் காலியாகவோ கொண்டுசெல்வது, அரைகுறையாகக் கொண்டுசெல்வதைவிடப் பாதுகாப்பானது.

ஆட்டம்: மீட்கும் முறை

முதலாவதாக, ஆக்சிலேட்டரிலிருந்து காலைப் படிப்படியாக எடுக்க வேண்டும். கை ஆக்சிலேட்டர் ஏற்றி வைக்கப்பட்டிருந்தால் அதையும் மெல்ல இறக்க வேண்டும். எஞ்சினின் எதிர்ப்பே வேகத்தைக் குறைக்கும்படி வண்டியைக் கியரிலேயே விட்டு, கிளட்சை மிதிக்காமல் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, ஸ்டியரிங்கை இரு கைகளாலும் நேராக, உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். டிரெய்லர் இடப்பக்கம் விலகும்போது அதைச் சரிசெய்யத் திருப்பும் திருப்பம், ஓட்டுநரின் எதிர்வினை நேரத்தால் தாமதமாகி, டிரெய்லர் வலப்பக்கம் திரும்பும் நேரத்தில் வந்து சேர்கிறது. அடக்க நினைத்த ஆட்டத்தை அந்தத் திருத்தமே ஊட்டி வளர்க்கிறது. ஆட்டத்தை ஸ்டியரிங்கால் துரத்தக் கூடாது என்று அனுபவமிக்க ஓட்டுநர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

மூன்றாவதாக, டிராக்டரின் பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது. டிரெய்லருக்கெனத் தனிப் பிரேக்கும் அதை இயக்கத் தனி நெம்புகோலும் இருந்தால், அதை மட்டும் மென்மையாக இயக்கலாம். பின்னாலிருந்து பிடித்திழுக்கும் அந்த விசை இணைப்பை மீண்டும் இழுவைக்குக் கொண்டுவந்து வண்டியை நேராக்கும். வேகத்தைக் கூட்டினால் ஆட்டம் நின்றுவிடும் என்று சிலர் நம்புவதுண்டு. கூடிய வேகம் வண்டியை எல்லை வேகத்துக்கு இன்னும் அப்பால் கொண்டுபோய்விடும் என்பதால் அது ஆபத்தான நம்பிக்கை.

ஆட்டம் அடங்கிய பின் அப்படியே பயணத்தைத் தொடராமல், சமதளமான ஓரத்தில் நிறுத்தி, சுமை சரிந்துள்ளதா, டயரில் காற்று இறங்கியுள்ளதா, பின் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, காரணத்தைக் களைந்த பிறகே புறப்பட வேண்டும்.

இறக்கத்தில் தள்ளலும் மடங்கலும்

பிரேக் போட்ட டிராக்டரைப் பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளி, இரண்டும் இணைப்புப் புள்ளியில் கோணமாக முறுக்கிக்கொள்வது மடங்கல். மலைப்பாதை இறக்கங்களில் நேரும் கவிழ்வுகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம்; நம் ஊர்களில் அதைப்போலப் பல மடங்கு எடை ஏற்றும் விவசாய டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் அறவே இல்லாததால், முழுச் சுமையையும் நிறுத்தும் பொறுப்பு டிராக்டரின் இரண்டு பின்சக்கரங்களின் மீது விழுகிறது.

இதன் விளைவை ஒரு கணக்கால் காணலாம். 2 டன் எடையுள்ள டிராக்டர், சரக்கோடு 6 டன் வரும் பிரேக் இல்லாத டிரெய்லரை இழுக்கிறது என்றும், பின்சக்கரங்களின் மீது அமரும் எடை, கொக்கியில் விழும் பங்கையும் சேர்த்து, 2 டன் என்றும், சாலைக்கும் டயருக்கும் இடையிலான உராய்வு அந்த எடையில் 60 விழுக்காடு என்றும் கொள்வோம். கிடைக்கும் தடைவிசை 1.2 டன் எடைக்குச் சமம். அது நிறுத்த வேண்டிய மொத்த எடையோ 8 டன். ஓட்டுநர் பிரேக்கை எட்டுவதற்கு ஒரு நொடி என்று சேர்த்துக்கொண்டால், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் நிற்பதற்கு ஏறத்தாழ 23 மீட்டரும், 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 52 மீட்டரும் தேவைப்படும். 20 மீட்டருக்கு 1 மீட்டர் தாழும் இறக்கத்தில் இவை முறையே 31, 73 மீட்டராக நீளும். 7 மீட்டருக்கு 1 மீட்டர் தாழும் செங்குத்தான இறக்கத்தில், சுமை தள்ளும் விசையும் பிரேக்கின் தடைவிசையும் ஏறத்தாழச் சமமாகிவிடுவதால், எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி எளிதில் நிற்காது. மணல் படிந்த சாலையிலும் முதல் மழையில் நனைந்த சாலையிலும் உராய்வு இன்னும் குறையும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

எனவே இறக்கத்தின் கட்டுப்பாடு அதன் உச்சியிலேயே முடிவாகிறது. ஏற்றத்தில் ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அந்தக் கியரை, அல்லது அதைவிடக் குறைந்த கியரை, இறங்கத் தொடங்குமுன் போட்டுக்கொண்டு, எஞ்சினின் எதிர்ப்பே வண்டியைப் பிடித்திருக்கும்படி அடிவாரம் வரை அதே கியரில் வர வேண்டும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு இறங்கும் பழக்கம் எஞ்சினின் எதிர்ப்பை முற்றிலும் இழக்கச் செய்கிறது. பல டிராக்டர்களில் வண்டி வேகமெடுத்த பின் மீண்டும் கியருக்குள் நுழைவது இயலாத காரியம் என்பதால், ஒருமுறை நியூட்ரலில் விட்டவர் பிரேக்கை மட்டுமே நம்பி எஞ்சிய தூரத்தைக் கடக்க வேண்டியதாகிறது. கிளட்சை மிதித்தபடி இறங்குவதும் இதே விளைவைத் தரும்.

டிராக்டருக்கே உரிய இன்னொரு ஆபத்து அதன் பிரேக் மிதிகளில் உள்ளது. வயலில் குறுகிய இடத்தில் திரும்புவதற்கு வசதியாக இடப் பின்சக்கரத்துக்கு ஒன்றும் வலப் பின்சக்கரத்துக்கு ஒன்றுமாக இரண்டு மிதிகள் அமைக்கப்பட்டுள்ளன. சாலைக்கு வருமுன் இரண்டையும் இணைக்கும் தாழைப் போட வேண்டும். தாழ் போடாமல் சாலையில் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால், ஒரு சக்கரம் நின்று மறு சக்கரம் ஓட, டிராக்டர் பக்கவாட்டில் சுழல்வதும் பின்னாலிருக்கும் சுமை அதை அதே திசையில் தள்ளிக் கவிழ்ப்பதும் நொடிப்பொழுதில் நடந்துவிடும். தாழ் போட்டிருந்தும் இரு பக்கப் பிரேக்குகளும் சமமாகப் பிடிக்காவிட்டால் இதே நிலை வரும் என்பதால், அவை சமமாகச் சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும்.

மடங்கல் தொடங்கும் அறிகுறி, பின்சக்கரங்கள் உருளாமல் சறுக்குவதும் டிராக்டரின் பின்பகுதி ஒருபக்கம் நழுவுவதுமாகும். அப்போது பிரேக்கை உடனே விட்டுச் சக்கரங்களை மீண்டும் உருள விட வேண்டும். கிளட்சைத் தொடாமல், டிராக்டரின் முன்பக்கத்தைச் சாலையின் திசைக்கு மெல்லத் திருப்ப வேண்டும். முன்னால் சாலை காலியாக இருந்தால், ஆக்சிலேட்டரைச் சற்றே கூட்டுவது டிராக்டரை டிரெய்லருக்கு முன்னே இழுத்து இணைப்பை நேராக்கும். கோணம் சிறிதாக இருக்கும்போது மட்டுமே இந்த முறை பலிக்கும். ஆகையால் முதல் நழுவலிலேயே செயல்பட வேண்டும். நேரான பின், பிரேக்கை விட்டுவிட்டு மிதித்து வேகத்தைக் குறைக்கலாம்.

பிரேக் முற்றிலும் தோற்று வண்டி ஓடத் தொடங்கினால், கியரை மாற்ற முயலாமல், எஞ்சினை அணைக்காமல், பள்ளத்தாக்குப் பக்கத்தை விட்டு மலைச்சரிவுப் பக்கமாக ஒதுங்கி, மண்மேடு, உழுத வயல், ஏறிச் செல்லும் கிளைப்பாதை என வேகத்தை உறிஞ்சக்கூடிய எதையேனும் நோக்கி, கூடியவரை நேர்கோட்டில் வண்டியைச் செலுத்த வேண்டும்.

டிரெய்லர் திடீரென நிற்கும்போது

சாலையில் டிரெய்லரின் டயர் வெடித்தாலோ, கிரீஸ் வற்றிய சக்கர பேரிங் இறுகிப் பூட்டிக்கொண்டாலோ, சக்கரம் ஆழ்ந்த குழியில் இறங்கினாலோ, டிராக்டர் பின்னோக்கிச் சுண்டப்படும். வண்டி பழுதான சக்கரத்தின் பக்கமாக இழுக்கும். இந்த நிலையில் ஸ்டியரிங்கை உறுதியாக நேரே பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு, பிரேக்கை மிதிக்காமல் வண்டி தானே வேகம் குறையவிட்டு, பின்னரே ஓரம் கட்ட வேண்டும். நின்ற டிரெய்லரை இழுத்தே தீருவது என்று எஞ்சினை முறுக்குவது அடுத்து விளக்கப்படும் பெரிய ஆபத்தை வரவழைக்கும்.

அந்த ஆபத்து முன்தூக்கல். சேற்றில் புதைந்த கரும்பு டிரெய்லர் அசைய மறுக்கும்போது, டிராக்டரின் பின்சக்கரங்களும் பிடிப்போடு நின்றுவிட, எஞ்சினின் சுழல்விசை சக்கரத்தைச் சுழற்ற இயலாமல் டிராக்டரின் உடலையே பின் அச்சைச் சுற்றிச் சுழற்றுகிறது, முன்சக்கரங்கள் எழும்புகின்றன. எழும்பத் தொடங்கியதிலிருந்து முக்கால் நொடிக்குள் மீளமுடியாத கோணத்தைத் தாண்டி, ஒன்றரை நொடிக்குள் டிராக்டர் மல்லாந்துவிடக்கூடும் என்று வேளாண் பாதுகாப்பு வல்லுநர்கள் எச்சரிக்கின்றனர். முன்சக்கரம் எழுவதை உணர்ந்தவுடன் கிளட்சை முழுமையாக மிதிப்பது ஒன்றே வழி. ஆனால் முக்கால் நொடி என்பது யோசித்துச் செயல்படப் போதாத காலம் என்பதால், தடுப்பதே மெய்யான மீட்பு.

தடுப்பின் முதல் விதி, டிரெய்லரைப் பின் அச்சின் மட்டத்துக்குக் கீழே உள்ள கொக்கியில் மட்டுமே இணைப்பது. டாப் லிங்க் எனப்படும் மேல் இணைப்பிலோ அச்சின் மீதோ சங்கிலி கட்டி இழுத்தால், இழுவிசையே டிராக்டரைப் பின்னோக்கிப் புரட்டும். இரண்டாவது விதி, கிளட்சை வெடுக்கென விடாமல் மெல்ல விடுவது. மூன்றாவது விதி, புதைந்த டிரெய்லரை விடுவிக்கப் பின்னோக்கி நகர்த்திப் பார்ப்பது. அதுவும் பயன்படாவிட்டால், சக்கரத்தின் முன்னுள்ள மண்ணை வெட்டிச் சரிவாக்குவது, சுமையில் ஒரு பகுதியை இறக்குவது என்ற பொறுமையான வழிகளை நாடுவது. டிராக்டரில் கவிழ்வுத் தடுப்புச் சட்டம், அதாவது இருக்கைக்கு மேலாக வளைந்து நிற்கும் இரும்புச் சட்டம், பொருத்தப்பட்டிருந்தால் இருக்கைப் பட்டையும் அணிய வேண்டும்; சட்டம் இல்லாத டிராக்டரில் பட்டை அணியக் கூடாது.

ஏற்றத்தில் எஞ்சின் நின்றுபோனால், கிளட்சை மிதித்து வண்டியைப் பின்னால் உருளவிடக் கூடாது. பின்னோக்கி உருளும் டிரெய்லர் உடனே மடங்கும். இணைத்த இரு மிதிகளையும் உடனே அழுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, உதவியாளர் பக்கவாட்டிலிருந்து டிரெய்லரின் சக்கரங்களுக்குப் பின்னால் கட்டை வைத்த பின்னரே எஞ்சினை மீண்டும் இயக்க வேண்டும்.

இணைப்பு விடுபடுதல்

பின் நழுவினாலும் உடைந்தாலும் டிரெய்லர் தனியே ஓடாமல் இருக்க, கொக்கியையும் இழுவைத் தண்டையும் இணைத்து ஒரு காப்புச் சங்கிலி கட்டப்பட வேண்டும். பின்னின் கீழ்முனையில், அது மேலெழாமல் தடுக்கும் ஊசி செருகப்பட வேண்டும். கம்பித்துண்டையோ மரக்குச்சியையோ அதற்குப் பதிலாகச் செருகுவது உயிரோடு விளையாடுவதாகும். சங்கிலியில் தொங்கியபடி டிரெய்லர் வருவதை உணர்ந்தால், முன்னால் உள்ள டிராக்டர் திடீரென நின்றால் பின்னால் உள்ள டிரெய்லர் வந்து மோதும் என்பதால், வேகத்தை மிக மெதுவாகக் குறைத்து நேர்கோட்டில் நிறுத்த வேண்டும்.

நிறுத்திய பிறகு

பழுதாகி நின்ற டிரெய்லர், குறிப்பாக இரவில், அடுத்த விபத்துக்கு இடமாகும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்வரும் வண்டிகள் தொலைவிலேயே காணும்படி எதிரொளி முக்கோணத்தை வைத்து, வளைவுக்கு அப்பால் நின்றிருந்தால் வளைவுக்கு முன்பே ஒருவர் விளக்கோடு நின்று எச்சரிக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணிலும், காயமடைந்தவர்களுக்காக 108 என்ற எண்ணிலும் உதவி கோரலாம். விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரை, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 134அ பிரிவு பாதுகாக்கிறது என்பதால், உதவத் தயங்க வேண்டியதில்லை.

புறப்படுமுன்

மேலே கூறியவற்றில் பெரும்பாலானவை புறப்படுமுன் செய்யும் ஐந்து நிமிடச் சோதனையால் தவிர்க்கப்படக் கூடியவை. பின்னும் அதன் ஊசியும், காப்புச் சங்கிலி, இழுவைத் தண்டின் வளையத்தில் விரிசல், டயர்களின் காற்று, சக்கர நட்டுகள், பேரிங்கில் கிரீஸ், பிரேக் மிதிகளின் தாழ், பின்புற எதிரொளிப்பான்கள் ஆகிய ஒவ்வொன்றையும் கண்ணால் மட்டுமன்றிக் கையால் தொட்டும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி இழுக்கும் வாகனத்தின் பதிவெண் டிரெய்லரிலும் தெரிய வேண்டும் என்பதும் இந்தச் சோதனையில் அடங்கும். இரண்டு டிரெய்லர்களைக் கோத்து இழுத்தால் முதல் டிரெய்லரின் சிறு அசைவு இரண்டாவதில் பெரிதாகும் என்பதால், மேடுபள்ளமான வழிகளில் அதைத் தவிர்க்க வேண்டும்.

அனைத்துக்கும் மேலான விதி, டிரெய்லரில் ஆட்களை ஏற்றக் கூடாது என்பது. 2022 டிசம்பரில் சித்தூர் மாவட்டம் பூதலப்பட்டு மண்டலத்தில், திருமணத்துக்குச் சென்றவர்களோடு ஒரு டிராக்டர் கவிழ்ந்ததில் ஆறு பேர் உயிரிழந்தனர். மாங்காய் சரிந்தால் இழப்பு பணத்தோடு போகும்; அதே டிரெய்லரில் பிடித்துக்கொள்ள ஏதுமின்றி அமர்ந்திருக்கும் குழந்தைகளும் பெரியவர்களும் சரிந்தால், எந்த ஓட்டுநரின் திறமையும் அவர்களைக் காக்க இயலாது. முகூர்த்தத்துக்கு நேரமாகிறது, பேருந்து இல்லை, தூரம் குறைவுதான் என்று உறவினர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும், டிரெய்லரில் ஏற வந்தவர்களை இறக்கிவிட்டு வேறு வண்டிக்கு ஏற்பாடு செய்யும் ஓட்டுநரே தன் வண்டியின் கட்டுப்பாட்டை உண்மையில் கையில் வைத்திருப்பவர்.